எண்ணெய் தீர்ந்த விமானங்கள்

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, குவாகாத்தியிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானமொன்று, சென்னையில் இறங்க இயலாமற் பெங்களூரை நோக்கித் திரும்பியது. அதில் 168 பிரயாணிகள் இருந்தனர். வழியிலே விமானி வானொலியில் ‘மேடே’ என்றார். எண்ணெய் போதாது என்பது பொருள். பெங்களூரார் உடனே வழிவிட்டனர். விமானம் நலமே இறங்கிற்று. பின்னர் விமானிகள் இருவரும் பறப்புப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர் என்று பத்திரிகைகள் எழுதின.

பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வரப் பழகிவிட்ட நம்மவருக்கு இச்செய்தி தொலைவானதன்று. எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு நாள் இதுவே பேச்சு. “பஸ்காரன்கூட எண்ணெய் பார்த்துத்தானே வண்டியை எடுக்கிறான்; இவ்வளவு படித்தவர்கள் பாராமலா பறந்தார்கள்?” என்றார் கணித ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்தபின், அந்தக் கேள்வி சிரித்துவிட்டு விடத்தக்கதன்று என்று தோன்றியது. பார்க்காமற் பறந்தவர் மிகச் சிலர். பார்த்தும் பறந்தவரே பலர். ஆராயத்தக்க செய்தி இதுதான்.

சென்னைக்கு இது புதிதுமன்று. 1993 நவம்பர் 15 ஆம் திகதி, சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்ற இந்தியன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் எயர்பஸ் விமானம், அங்கே பார்வை தெளியாமையால் இறங்கமாட்டாது மேலெழுந்தது. இறங்குவதற்காக இறக்கையின் பின்புறத்தில் நீட்டிய தட்டுகள் மீண்டும் உள்ளே மடங்கவில்லை. நீட்டிய தட்டுகளோடு பறத்தல், விரித்த குடையைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு ஓடுவதை ஒக்கும். எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். ஆயினும் சென்னைக்கே மீள்வதென்று முடிவு செய்தனர். சென்னை வரவில்லை, எண்ணெய்தான் முடிந்தது. திருப்பதிக்கு அண்மையில் நெல்வயலில் விமானம் இறங்கிற்று. அதிலிருந்த 262 பேரும் உயிர் தப்பினர். வயற்சேறு காத்தது என்று சொல்லலாம். வேங்கடவன் காத்தான் என்று சொல்வாரோடும் எனக்கு வழக்கில்லை.

நிற்க. பெரிய விமானத்துக்கு இப்படி நேர்ந்தால் உலகம் பேசும். சிறு விமானங்களுக்கு நேர்வதை எவரும் பேசார். ஒருவரோ நால்வரோ ஏறும் சொந்த விமானங்கள், கழக விமானங்கள், பயிற்சி விமானங்கள் என்பனவற்றையே குறிப்பிடுகிறேன். சிறு விமானங்கள் மிகுந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2017 இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரையுள்ள காலத்தில், எண்ணெயைக் கையாண்ட பிழையால் மட்டும் ஆண்டுக்குச் சராசரி 50 க்கு மேற்பட்ட விபத்துகள் அங்கே நிகழ்ந்தன. அவற்றுள் நூற்றுக்கு 95 இல் மனிதர் பிழை கலந்திருந்தது என்று அது கூறுகிறது. விபத்துக்குள்ளானவருட் செம்பாதிக்குச் சற்றே குறைந்தோர், கூலிக்கு விமானம் ஓட்டும் தகுதிப் பத்திரம் பெற்ற தேர்ந்த விமானிகள். மாணவர் தொகையோ நூற்றுக்கு இரண்டளவே. மாணவன் அஞ்சுகிறான், அஞ்சுவதனால் அளக்கிறான். தேர்ந்தவன், ‘எனக்குத் தெரியும்’ என்கிறான். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. எளிய வினாவில் வழுக்குபவன் கெட்டிக்காரனே.

அந்த எச்சரிக்கையிலே இருவகைப் பிழைகள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. தமிழில் ஒன்றை ‘எண்ணெய் தீர்தல்’ என்றும், மற்றதை ‘எண்ணெய் சேராமை’ என்றும் சொல்லலாம். தாங்கியில் ஒன்றுமே இல்லாமற் போவது தீர்தல். நூற்றுக்கு 56 விபத்துகள் அவ்வகையின. தாங்கியில் எண்ணெய் இருக்கவும் இயந்திரத்துக்கு அது போய்ச் சேராமையாலே நின்றுபோவது இரண்டாம் வகை. அது நூற்றுக்கு 35. வீட்டிலே நெல் இருக்கப் பட்டினி கிடப்பதை ஒத்த இவ்விரண்டாம் வகைதான் என்னை வியக்கவைத்தது.

சிறு விமானத்தின் எண்ணெய் அதன் இறக்கைகளுக்குள்ளே இருக்கிறது. இடப்புறம் ஒரு தாங்கி, வலப்புறம் ஒரு தாங்கி. விமானியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகி உண்டு. செஸ்னா 172 என்னும் விமானத்தில் இறக்கை மேலே இருப்பதால் எண்ணெய் தானே கீழே வடியும். திருகியை ‘இரண்டும்’ என்ற குறியில் வைத்துவிட்டால் இரு தாங்கியும் சேர்ந்து ஊட்டும். பைப்பர் செரோக்கி போன்றவற்றில் இறக்கை கீழே. எண்ணெயைப் பம்பினால் மேலே இழுக்கவேண்டும். அவற்றின் திருகியில் ‘இரண்டும்’ என்ற குறி இல்லை. இடம் அல்லது வலம். விமானி மணிக்கூட்டைப் பார்த்து, முறை வைத்து, மாற்றி மாற்றித் திருப்பவேண்டும். மறந்தால் ஒருபுறம் நிறைந்திருக்க மறுபுறம் வற்றி இயந்திரம் நிற்கும். நின்றவுடன் திருப்பினால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும். ஆனால் பேரொலி திடீரென்று அடங்கியபோது மனிதன் முதலில் திருகியை நினைப்பதில்லை, நிலத்தை நினைக்கிறான்.

இதை நான் நூலிற் படித்துமட்டும் சொல்லவில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திலே, யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். சில துளி பெற்றோலை ஊற்றி உதைத்து இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு விடுவோம். போத்தல் கணக்கில் வாங்கிச் சொட்டுக் கணக்கிற் செலவழித்த காலம். பண்டித வகுப்பு மாணவனாயிருந்த நான், ஒரு மாலை அச்சுவேலியிலிருந்து வல்லைவெளி வழியே போகையில் வண்டி நின்றது. அஞ்சவில்லை. ‘றிசேவ்’ இருக்கிறதே என்று குனிந்து திருகியைத் தொட்டேன். அது ஏற்கெனவே றிசேவில் இருந்தது. முந்திய வாரம் திருப்பியவன், எண்ணெய் விட்டபின் மீளத் திருப்ப மறந்திருந்தேன். அந்தத் திருகி வேறொரு தாங்கியைத் திறப்பதன்று. ஒரே தாங்கிக்குள் ஒரு குழாய் உயரமாயும் ஒன்று தாழ்வாயும் நிற்கும், அவ்வளவே. தாழ்ந்த குழாயையே எந்நாளும் உறிஞ்சவிட்டவனுக்குச் சேமிப்பு என்பது ஒரு சொல் மட்டுமே. உப்புக்காற்றில் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். வல்லைவெளியில் வண்டி நின்றால் நடக்கலாம் என்பதே எனக்கும் விமானிக்கும் உள்ள வேறுபாடு.

எண்ணெய் சேராமைக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வரின் மரணம். 1997 அக்டோபர் 12 ஆம் திகதி, கலிபோர்னியாவின் மொன்றரே குடாக் கடலில், தாமே ஓட்டிய சிறு விமானம் வீழ்ந்து அவர் இறந்தார். புதிதாய் வாங்கிய விமானம். தம் கையாலே விமானம் கட்டும் ஒருவர் கட்டியது. வரைபடத்தின்படி விமானியின் முன்னே இருக்கவேண்டிய எண்ணெய்த் திருகியை, கட்டியவர் இடத்தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்திருந்தார். அதைத் திருப்பவேண்டுமாயின், ஓட்டும் தண்டைப் பிடித்த வலக்கையை விட்டு, உடம்பை முறுக்கிப் பின்னே எட்டவேண்டும். திருகியில் எந்தத் திசை எந்தத் தாங்கி என்ற குறியும் இல்லை. எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியும் பின்னே. அன்று புறப்படுமுன் அங்கிருந்த தொழிலாளி, எண்ணெய் குறைவாயிருக்கிறது என்பதைக் காட்டினார்; திருகியை முறுக்க ஒரு குறடும், பின்னே பார்க்க ஒரு கண்ணாடியும் கொடுத்தார். எண்ணெய் விடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார் டென்வர். ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் பறக்கப்போகிறாராம். தாழப் பறக்கையில் திருகியை எட்டித் திருப்ப முயன்றபோது, காலால் அறியாமற் சுக்கானை மிதித்து விமானத்தை நிலை தடுமாறச் செய்தார் என்பது விசாரணையின் முடிவு. புறப்படுமுன் எண்ணெய் விடாமையும், திருகியை அங்கே வைத்தமையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நீந்தத் தெரியாதவன் கிணற்றில் வீழ்ந்தான் என்பது வேறு. கிணற்றடியில் நின்று ‘கட்டு இல்லை, கவனம்’ என்று ஒருவன் சொல்லவும் வீழ்ந்தது வேறு.

அளவுமானியைப் பார்த்தால் போதாதோ என்று கேட்கலாம். சிறு விமானத்தின் அளவுமானி நம்பத்தக்க சாட்சியன்று. தாங்கி அகன்று தட்டையானது. எண்ணெய் உள்ளே தளம்பும். விமானம் சரிந்தால் முள்ளும் சரியும். ஆகையினாலே, புறப்படுமுன் இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்கோலை விட்டுப் பார்ப்பது முறை. நம் வீடுகளில் இரவிலே மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் ஈர்க்கை விட்டுப் பார்த்த அதே முறைதான்.

கோல் பொய் சொல்லாது. கோல் சொன்னதைக் கணக்காக மாற்றும் மனிதன் பிழைவிடலாம். 1983 ஜூலை 23 ஆம் திகதி கனடாவிலே, எயர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானத்துக்கு நேர்ந்தது இது. கனடா அப்போது இறாத்தலை விட்டுக் கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானத்தின் அளவுமானி பழுது. தாங்கியில் 7,682 லீற்றர் இருந்தது என்று கோல் மெய்யே சொல்லிற்று. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரை எடையாக்க 0.8 ஆற் பெருக்கவேண்டும். அவர்கள் பழைய பழக்கத்தின்படி 1.77 ஆற் பெருக்கினார்கள். அது இறாத்தலுக்குரிய எண். விடையில் வந்தது இறாத்தல், எழுதியது கிலோ. வேண்டியதிற் பாதிக்கும் குறைந்த எண்ணெயோடு எழுந்த விமானம், நடுவானில் இரு இயந்திரங்களும் அவிந்து, கிம்லி என்னுமிடத்தில் கைவிடப்பட்ட பழைய வான்படைத் தளத்திலே மிதந்து இறங்கிற்று. எவரும் இறக்கவில்லை. தலைமை விமானி இயந்திரமில்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். எங்கள் கணித ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். “அலகு எழுதாவிட்டால் நான் புள்ளி கொடுப்பதில்லை” என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

இன்னுமொன்று காற்று. இதை யாழ்ப்பாணத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். இரத்மலானையிலிருந்து பலாலி வரை நேர்வழி ஏறக்குறைய 330 கிலோமீற்றர். மணிக்கு 200 கிலோமீற்றர் செல்லும் சிறு விமானத்துக்கு அமைதியான வானில் ஒரு மணி 40 நிமிடம். மார்கழியில் வாடை 40 கிலோமீற்றர் வேகத்தில் முகத்தில் அடித்தால் இரண்டு மணிக்கு மேல் ஆகும். மணிக்கு 33 லீற்றர் குடிக்கும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு 14 லீற்றர் அளவில் வரும். தூரத்தைக் கணக்கிட்டு எண்ணெய் விட்டவன் இங்கே அகப்படுவான். எண்ணெய் தூரத்தாற் செலவாவதன்று; நேரத்தாற் செலவாவது. இதற்காகவே பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் போதிய எண்ணெய், போய்ச் சேர்ந்தபின்னும் மிஞ்சியிருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்த 30 நிமிடத்தை ‘இருக்கிற எண்ணெய்’ என்று எண்ணியவர் பலர். என் றிசேவும் அப்படித்தான் போயிற்று.

இனி, தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் உரிய பகுதிக்கு வருகிறேன். எண்ணெய் குறைகிறது என்பதை எப்படிச் சொல்வது?

1990 ஜனவரி 25 ஆம் திகதி, கொலம்பியா நாட்டின் அவியங்கா நிறுவன விமானமொன்று நியூயோர்க் நகரை அணுகியது. வானிலை கெட்டு விமானங்கள் நெருங்கியிருந்தமையால், அது மூன்று இடங்களிலே மொத்தம் ஒரு மணி 17 நிமிடம் வட்டமிட நேர்ந்தது. எண்ணெய் குறைந்துகொண்டே போயிற்று. தலைமை விமானிக்கு ஆங்கிலம் குறைவு. வானொலியிற் பேசியவர் துணை விமானி. தங்களுக்கு முந்துரிமை வேண்டும் என்றார். எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார். முதன்முறை இறங்க முயன்று தவறியபின், அபாய நிலை என்று அவர்களிடம் சொல் என்று தலைமை விமானி தம் மொழியிலே பணித்தார். துணை விமானியோ, கோபுரத்தார் இட்ட கட்டளையை ஒப்புக்கொண்டு, அதன் வாலிலே எண்ணெய்ச் செய்தியைச் சேர்த்துச் சொல்லி நிறுத்திக்கொண்டார். ‘அபாயம்’ என்ற சொல்லோ ‘மேடே’ என்ற சொல்லோ கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. கேட்டவர்களுக்கு அவர் வழக்கமான விண்ணப்பம் செய்வதாகவே பட்டது. அன்று வானத்திலிருந்த எல்லோருக்கும் எண்ணெய் தீர்ந்துகொண்டுதானே இருந்தது. விமானம் லோங் ஐலண்டின் மேட்டில் வீழ்ந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். தாங்கிகள் வற்றியிருந்தமையாற் பெருந்தீ மூளவில்லை.

அந்தத் துணை விமானியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை நான் நாள்தோறும் வகுப்பிலே காண்கிறேன். ‘விளங்கவில்லை’ என்று எழுந்து சொல்லாமல், ‘கொஞ்சம் விளங்குது சேர்’ என்று சொல்லும் பையன் அவர். பெரியவருக்குமுன் குறையைச் சொல்வது மரியாதையன்று என்று நாம் வளர்த்திருக்கிறோம். அரிசி முடிந்தது என்று வீட்டில் ஒருத்தி நேரே சொல்லமாட்டாள். அரிசி நிறைந்துவிட்டது என்பாள். அது அழகிய மங்கலவழக்கு. இலக்கணத்திலே அதற்கு இடமுண்டு, வானத்திலே இல்லை. 2022 இல் இலங்கையிற் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களும், எண்ணெய்க்காக நம் நாட்டு விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கியதைக் கேட்டவர்களும், கையிருப்பு இல்லை என்ற சொல் பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதை அறிவார்கள்.

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2012 இல் இதற்குச் சொற்களை வரையறுத்தது. இரண்டு படிகள். முதற்படி, ‘குறைந்தபட்ச எண்ணெய்’ என்று அறிவித்தல். இனி ஒரு தாமதம் நேர்ந்தாலும் சேமிப்பிற் கைவைக்க வேண்டிவரும் என்பது அதன் பொருள். அபாயம் என்பது பொருளன்று. இரண்டாம்படி, ‘மேடே, மேடே, மேடே, எண்ணெய்’ என்று அறிவித்தல். இறங்கும்போது இறுதிச் சேமிப்பிலும் குறைவே மிஞ்சும் என்று கணக்கு வந்தவுடன், தாங்கி வற்றுமுன்னரே, இதைச் சொல்லியாகவேண்டும். ‘மேடே’ என்பது ‘எனக்கு உதவு’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஆங்கிலக்காது கேட்டபடி அமைத்துக்கொண்டது. 1920 களில் இலண்டன் குறொய்டன் விமான நிலையத்திலே பிறந்தது. மொழி கடந்த சொல். ஒருமை பன்மை இல்லை. உயர்வு தாழ்வு இல்லை. தலைமை விமானியும் அதையே சொல்லவேண்டும். நேற்றுப் பழகவந்த மாணவனும் அதையே சொல்லவேண்டும். இத்தகைய சொல் ஒன்று நம் மொழியில் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். ‘ஐயோ’ ஒன்றே நினைவுக்கு வந்தது. அது பெரும்பாலும் நிகழ்ந்தபின் வருவது.

ஆகவே, பெங்களூருக்கு அண்மையில் அந்தச் சொல்லைச் சொன்ன விமானிகளைப் பற்றி என் கருத்து வேறு. அதுவரை அவர்கள் செய்த முடிவுகளை விசாரிப்பது விசாரிப்பவர் கடமை, மறுக்கவில்லை. ஆனால் ‘மேடே’ சொன்னவன் விலக்கப்பட்டான் என்பது மட்டும் இளைய விமானிகள் காதில் விழுமாயின், நாளை ஒருவன் அதைச் சொல்லப் பத்து நிமிடம் பிந்துவான்.

அந்தப் பத்து நிமிடம் சிறு விமானத்துக்கு இன்னும் பெரிது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிலே முடிவு செய்தவன் வயலைச் சுற்றிப் பார்த்து, காற்றை எதிர்கொண்டு, நல்ல இடத்தில் இறங்கலாம். பிடிக்காவிட்டால் மேலெழுந்து வேறிடம் தேடலாம். நின்றபின் இறங்குபவனுக்கு ஒரே முறைதான். செஸ்னா போன்ற விமானம் இயந்திரம் நின்றாற் கல்லைப்போல வீழ்வதில்லை. உயரத்தில் ஒரு பங்கு இழக்கும்போது ஏறக்குறைய ஒன்பது பங்கு தூரம் மிதந்து செல்லும். 300 மீற்றர் உயரத்தில் நின்றால் 2.7 கிலோமீற்றர்; நேரம் ஒன்றரை நிமிடத்துக்குள். வலிகாமத்திலே அந்த ஒன்றரை நிமிடத்தில் எதைத் தேடுவது? பரப்புக்குப் பரப்பு வேலி, வேலிக்கு வேலி பனை, அவற்றுக்கிடையே கிணறு, வீதியெங்கும் மின்கம்பி. தென்மராட்சி வயல் கார்த்திகையில் நீர் நிறைந்திருக்கும். சிறு விமானத்தின் மடங்காத சக்கரம் சேற்றிற் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். எயர்பஸ்ஸைக் காத்த சேறு செஸ்னாவைக் காக்கும் என்று எண்ணலாகாது. வல்லைவெளி ஒன்றே அகலமாய்க் கிடக்கிறது. நான் வண்டி உருட்டிய இடந்தான்.

கடலோ வேறு கணக்கு. 1935 நவம்பர் 27 ஆம் திகதி இரத்மலானையில் முதன்முதல் இறங்கியது, சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஓட்டிவந்த புஸ் மொத் என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானம். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. அதற்கு இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒற்றை இயந்திரத்தோடு காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரைக்குக் கடக்கிறவனுக்கு, தூரம் ஏறக்குறைய 55 கிலோமீற்றர். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் இருகரையும் 27 கிலோமீற்றருக்கு அப்பால். ஒன்றுக்கு ஒன்பது என்ற கணக்கின்படி, ஏதாவதொரு கரையைத் தொட 3,000 மீற்றர் உயரம் கையில் இருக்கவேண்டும். அதாவது 10,000 அடி. சிறு செஸ்னா அவ்வளவு ஏற அரைமணி நேரமளவு செல்லும். ஏறும்போதுதான் அது எண்ணெய் மிகுதியாகக் குடிக்கும்.